கேள்வி - பதில்: ஆடியோ நடுவே போன் வந்தால்

ஆண்ட்ராய்டில் பாட்காஸ்ட் செயலி எழுதுகிறேன். போன் நிலையை அறியும் அனுமதி வாங்கி, அழைப்பு வந்தால் ஆடியோவை நிறுத்துகிறேன், முடிந்ததும் ஓடவிடுகிறேன். பயனர் தானே நிறுத்தி வைத்திருந்த ஆடியோகூட அழைப்புக்குப் பிறகு ஓட ஆரம்பிக்கிறது. என்ன தவறு?

தவறு இரண்டு. முதலாவது, அந்த அனுமதி. அது இங்கே தேவையே இல்லை. இணையவழி அழைப்பு, அலாரம், வழிகாட்டிக் குரல் எதையும் அது காட்டித் தராது. பயனரும் 'பாட்காஸ்ட் கேட்க இது எதற்கு?' என்று சந்தேகப்படுவார். ஆடியோ ஃபோகஸை, அதாவது இப்போது ஒலி எழுப்பும் முறை யாருடையது என்று ஆண்ட்ராய்டு தரும் உரிமையை, கேட்டு வாங்குங்கள். கிடைத்த பிறகே ஒலியைத் தொடங்குங்கள். அழைப்பு வந்தால் 'தற்காலிக இழப்பு' என்று தகவல் வரும், முடிந்ததும் ஃபோகஸ் திரும்பக் கிடைக்கும். வேறொரு பிளேயர் வந்து பிடுங்கிக்கொண்டால் அது நிரந்தர இழப்பு. திரும்பி வரும் என்று காத்திருக்க வேண்டாம்.

இரண்டாவது, யார் நிறுத்தியது என்று உங்கள் நிரல் குறித்து வைக்கவில்லை. 'ஃபோகஸ் போனதால் நின்றது' என்று ஒரு கொடி (ஆம்/இல்லை என்று மட்டும் குறிக்கும் மாறி) வையுங்கள். இழப்பு வரும் நொடியில் ஆடியோ ஓடிக்கொண்டிருந்தால் மட்டும் அதை உயர்த்துங்கள். பயனர் பாஸ் அழுத்தினால், அழைப்பின் நடுவே அழுத்தினாலும், உடனே இறக்கிவிடுங்கள். ஃபோகஸ் திரும்பும்போது கொடி உயர்ந்திருந்தால்தான் ப்ளே. பேச்சு நிகழ்ச்சி என்றால் இரண்டு மூன்று நொடி பின்னால் போய்த் தொடங்குவது நல்லது. விட்ட வாக்கியம் பிடிபடும்.

ஆண்ட்ராய்டு 12 முதல் அழைப்பு மணி அடிக்கும்போது ஆண்ட்ராய்டே மற்ற செயலிகளின் ஒலியை அடக்கிவிடுகிறது. 'சத்தம் வரவில்லையே, போதும்' என்று இருந்துவிடாதீர்கள். நீங்கள் பாஸ் செய்யாவிட்டால் நிகழ்ச்சி ஓசையில்லாமல் ஓடிக்கொண்டே போகும். எக்ஸோபிளேயர் (ஆண்ட்ராய்டுக்கான பிளேயர் நிரலகம்) பயன்படுத்தினால் ஆடியோ பண்புகளை அமைக்கும் இடத்தில் இரண்டாவது மதிப்பை 'ட்ரூ' என்று வைத்தாலே இதில் பெரும்பகுதியை அதுவே பார்த்துக்கொள்ளும். உள்ளடக்க வகையைப் 'பேச்சு' என்று குறிப்பிடுங்கள். அறிவிப்பு ஒலி வரும்போது குரலைத் தாழ்த்தாமல் நிறுத்திவிடும்.

ஐபோனில் அழைப்பு முடிந்த பிறகு ப்ளே அழுத்தினாலும் சத்தம் வருவதில்லை. ஏன்?

குறுக்கீடு தொடங்கியதாக அறிவிப்பு வரும்போதே உங்கள் ஆடியோ செஷன் (செயலி ஒலியை எப்படிப் பயன்படுத்தும் என்று ஐபோனுக்குச் சொல்லும் இணைப்பு) முடக்கப்பட்டிருக்கும். அப்போது உங்கள் வேலை திரையில் பட்டனை மாற்றுவது மட்டும்தான். முடிந்த அறிவிப்பில் 'தொடரலாம்' என்ற குறி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முதலில் செஷனை மறுபடி இயக்குங்கள், அப்புறம் ப்ளே. இந்த வரிசை மாறுவதுதான் பெரும்பாலும் காரணம். ஆப்பிளின் ஒலி நிரலகமான ஏவிஆடியோஎஞ்சினைப் பயன்படுத்தினால் எஞ்சினையும் திரும்பத் தொடங்க வேண்டும்.

'முடிந்தது' அறிவிப்பு கட்டாயம் வரும் என்ற உறுதி கிடையாது. அதை நம்பி பட்டனைப் பூட்டி வைத்தால் செயலி செத்ததுபோல் கிடக்கும். பயனர் ப்ளே தொடும் ஒவ்வொரு முறையும் செஷனை இயக்கிப் பாருங்கள். செயலி பின்னணியில் இருந்தால் இந்த முயற்சி தோற்றுப்போகவும் செய்யும். பிழையை விழுங்காமல், செயலி முன்னுக்கு வந்ததும் மறுபடி முயலுங்கள்.

குரல் பதிவு செயலி. அழைப்பு வந்தால் பதிவு என்ன ஆகும்?

ஆண்ட்ராய்டில் பதிவு நிற்காமல், கோப்பில் வெறும் மௌனம் சேரக்கூடும். ஆண்ட்ராய்டு 10 முதல் உங்கள் பதிவு மௌனமாக்கப்பட்டதா என்று கேட்டறிய வழி இருக்கிறது. மௌனமானால் நிறுத்தி, பயனருக்குச் சொல்லுங்கள். கோப்பு வகையையும் யோசியுங்கள். எம்4ஏ கோப்பில் ஒலி எங்கெங்கே இருக்கிறது என்று காட்டும் அட்டவணைப் பகுதி வழக்கமாகப் பதிவை முடிக்கும்போதுதான் எழுதப்படுகிறது. இடையில் செயலி கொல்லப்பட்டால் மொத்தமும் திறக்காது. நீண்ட பதிவுக்கு, ஒவ்வொரு துண்டும் தனித் தலைப்புடன் எழுதப்படும் ஏடிடிஎஸ் வடிவ ஏஏசி பாதுகாப்பு; அறுந்த இடம் வரை ஓடும்.

இதையெல்லாம் எப்படிச் சோதிப்பது?

ஆண்ட்ராய்டு எமுலேட்டரின் (கணினியில் ஓடும் போலி போன்) கூடுதல் கட்டுப்பாடுகளில் போலி அழைப்பு விடலாம். ஐபோன் சிமுலேட்டருக்கு அழைப்பு வராது, நிஜக் கருவி வேண்டும். எடுத்துப் பேசுவது, நிராகரிப்பது, மணி தானே ஓய்வது, பேசும்போதே இரண்டாவது அழைப்பு, திரை பூட்டியபடி ப்ளூடூத்தில் கேட்பது என்று ஐந்தையும் தனித்தனியே பாருங்கள். நிராகரிப்பதைச் சோதிக்கத்தான் பலர் மறக்கிறார்கள்.