பழைய மேசியில் கியர் சிக்குகிறதா? முதலில் லீவரைக் கழற்றிப் பாருங்கள்

கேள்வி: எங்களிடம் பழைய மேசி ஃபெர்குசன் 1035 டிராக்டர் இருக்கிறது. சில நேரம் கியர் லீவர் பிடிப்பே இல்லாமல் ஆடுகிறது. கிளட்சை விட்டால் வண்டி நகராமல் இன்ஜின் அணைந்துபோகிறது. டிரெய்லர் இழுக்கும்போது இரண்டாம் கியர் தானாக நழுவுகிறது. கியர்பாக்ஸையே மாற்றச் சொல்கிறார்கள். மாற்றத்தான் வேண்டுமா? (ஒரு விவசாயி, செய்யாறு)

பதில்: இப்போதைக்கு வேண்டாம். நீங்கள் சொல்லியிருப்பது ஒரு கோளாறு இல்லை, இரண்டு. முதலாவது பெரும்பாலும் சில்லறை வேலை.

இந்த வண்டிக்குத் தனி சேஸிஸ் கிடையாது. இன்ஜின், கியர்பாக்ஸ், பின்பக்கக் கூடு மூன்றையும் போல்ட் போட்டு இணைத்ததுதான் வண்டியின் முதுகெலும்பு. கியர்பாக்ஸை இறக்குவதென்றால் வண்டியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். கூலி ஏறுவது அதனால்தான். அதற்குமுன் மேலிருந்தே பார்க்கக்கூடியதைப் பார்த்துவிடலாம்.

சமதரையில் நிறுத்தி, நான்கு சக்கரத்துக்கும் கட்டை கொடுங்கள். பேட்டரி டெர்மினலைக் கழற்றுங்கள். லீவரைச் சுற்றிப் படிந்த மண்ணை நன்றாகத் துடைத்த பிறகே லீவரைத் தூக்குங்கள். டார்ச் அடித்தால் இரண்டு செலக்டர் ராடுகளின் (லீவர் தள்ளி கியரை மாற்றும் கம்பிகள்) வெட்டுகள் தெரியும். நியூட்ரலில் இரண்டும் நேர்க்கோட்டில் நிற்க வேண்டும். லீவரின் உருண்டை முனை தேய்ந்தால் ஒரு வெட்டிலிருந்து நழுவி அடுத்ததைப் பிடித்துக்கொள்ளும். ஏற்கெனவே போட்ட கியர் விடுபடாமலே இன்னொன்றும் விழுந்துவிடும். இரண்டு கியர் ஒரே நேரத்தில் பிடித்தால் ஷாஃப்ட் எப்படிச் சுற்றும்? இன்ஜின் அணைகிறது.

தட்டையான நெம்புகோலால் இரண்டு ராடையும் மெல்ல நெம்பி நேராக்கினால் பூட்டு விடுபடும். ஆனால் அது அன்றைக்கு மட்டும். தேய்ந்த முனைக்கு வெல்டிங் வைத்து, பழைய அளவுக்கு அரம் போட்டுக்கொள்ளலாம்; புது லீவர் கிடைத்தால் இன்னும் நல்லது. வெல்டிங்கை லீவரைக் கழற்றி எடுத்துத்தான் செய்ய வேண்டும். வண்டியில் வைத்தே அடித்தால் மின்சாரம் பேரிங் வழியாகப் பாய்ந்து அதைக் கெடுத்துவிடும்.

கியர் நழுவுவது வேறு கதை. ராடை இடத்தில் நிறுத்துவது ஒரு சிறு பந்தும் அதை அழுத்தும் ஸ்பிரிங்கும். மேல் மூடியைக் கழற்றி, பழைய ஸ்பிரிங்கைப் புதியதன் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாக இருந்தால் மாற்றுங்கள். பந்து உட்காரும் பள்ளத்தில் நகத்தை ஓட்டுங்கள். விளிம்பு மழுங்கியிருந்தால் ராடையும் மாற்ற வேண்டும். ஃபோர்க்கை (பற்சக்கரத்தை நகர்த்தும் கவை) ராடோடு பிணைக்கும் போல்ட் தளர்ந்திருக்கிறதா, ஃபோர்க் நுனி ஒருபக்கமாக மெலிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். பந்து உள்ளே விழுந்தால் காந்தம் போட்டு எடுத்தே ஆக வேண்டும்.

லீவரடி ரப்பர் கிழிந்திருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள். மழைநீரும் வண்டி கழுவும் தண்ணீரும் அவ்வழியே இறங்கும். இந்த வண்டியில் கியருக்கும் ஹைட்ராலிக்குக்கும் ஒரே ஆயில்தான். ஆயில் பால்போல வெளுத்திருந்தால் மொத்தமாக இறக்கி மாற்றுங்கள். இல்லையென்றால் லிஃப்ட் பம்பும் கெடும்.

இத்தனையும் சரியாக இருந்தும் நழுவினால் கியர் பல்லைப் பாருங்கள். இது பற்சக்கரத்தையே நகர்த்திப் பிடிக்கும் பழைய வகைப் பெட்டி. பல்லின் முனை கூம்பாகத் தேய்ந்திருந்தால் பாரம் ஏறும்போது அதுவே கியரை வெளியே தள்ளும். எந்த ஸ்பிரிங்கும் அதைத் தடுக்காது. அப்போது பிரிக்கத்தான் வேண்டும். அதிலும் முழுப் பெட்டி தேவையில்லை, சேர்ந்து ஓடும் இரண்டு சக்கரங்களையும் ஜோடியாக மாற்றினால் போதும். பிரித்த கையோடு கிளட்ச் தட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்துவிடுங்கள்.