சுண்டல் சாப்பிட்டால் உப்புசம்: என்சைம் சிரப் குடிக்கலாமா?

கேள்வி: என் வயது 58. சர்க்கரைக்கு கிளிமிபிரைடு சாப்பிட்டு வந்தேன். ஒரு மாதமாக அகார்போஸும் சேர்ந்திருக்கிறது. கீரை, சுண்டல், பயறு நிறையச் சாப்பிடச் சொன்னார்கள். அப்போதிருந்து வயிறு உப்புசம், ஓயாத வாயு. மருந்துக்கடையில் செரிமான என்சைம் சிரப் கொடுத்து, தினமும் இரண்டு வேளை குடிக்கச் சொல்கிறார்கள். குடிக்கலாமா?

பதில்: வேண்டாம். குடிக்க ஆரம்பித்திருந்தால் இன்றே நிறுத்துங்கள்.

உங்கள் உடம்பில் என்சைம் (உணவை உடைத்துச் செரிக்க வைக்கும் பொருள்) குறைந்துவிட்டதாக எண்ண வேண்டாம். சோற்றின் மாவுச்சத்தை எச்சிலிலும் கணைய நீரிலும் உள்ள அமைலேஸ் துண்டாக்குகிறது. அதைக் கடைசியில் குளுக்கோஸாக மாற்றுபவை சிறுகுடல் சுவரில் உள்ள என்சைம்கள். சாப்பிட்டவுடன் சர்க்கரை எகிறக் கூடாது என்பதற்காக, இந்த வேலையைத்தான் அகார்போஸ் தாமதப்படுத்துகிறது. உடையாமல் பெருங்குடலுக்குப் போன மாவுச்சத்தை அங்குள்ள பாக்டீரியாக்கள் புளிக்க வைக்கின்றன. உங்கள் வாயுவுக்கு இது ஒரு முக்கியக் காரணமாக இருக்கும்.

கடைகளில் தரும் சிரப்பில் பெரும்பாலும் இருப்பவை டயஸ்டேஸ், பெப்சின். பெப்சின் புரதத்துக்கானது, வாயுவுக்கு உதவாது. டயஸ்டேஸ் மாவுச்சத்தை உடைக்கும். மாத்திரை தடுப்பதை சிரப் செய்துகொடுத்தால் மாத்திரையின் பலன் குறையும். பல சிரப்புகளில் இனிப்புக்குச் சீனி வேறு. "வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள்?" என்று ஒரு வார்த்தை கேட்காமல், சர்க்கரை நோயாளியின் கையில் பாட்டிலைத் திணிக்கிறார்கள். அகார்போஸ் எழுதித் தந்தவராவது "முதல் சில வாரம் வாயு வரும், பிறகு தணியும்" என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொல்ல அரை நிமிடம் ஆகாது. கூட்டத்தைக் காரணம் காட்டுவதை நான் ஏற்க மாட்டேன்.

நார்ச்சத்தைச் செரிக்கும் என்சைம் மனித உடலில் எவருக்குமே கிடையாது. கொண்டைக்கடலையில் உள்ள ராஃபினோஸ் என்ற ஒருவகைச் சர்க்கரையையும் நம்மால் உடைக்க முடியாது. இரண்டும் பெருங்குடல் பாக்டீரியாக்களுக்கே உணவு. அவை உண்டாக்கும் கொழுப்பு அமிலங்கள் குடல் சுவருக்கு நல்லது. ஆகவே, "நார்ச்சத்தைக் கரைக்கும் பவுடர்" என்று ஆன்லைனில் விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். செரிக்காமல் இருப்பதால்தான் நார்ச்சத்தைச் சாப்பிடச் சொல்கிறோம்.

நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அகார்போஸ் மட்டும் சாப்பிடுபவருக்குத் தாழ்சர்க்கரை (ரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறிக் குறைவது) வருவது அரிது. ஆனால் கிளிமிபிரைடு அல்லது இன்சுலின் கூட இருந்தால் வரலாம். கை நடுங்கி, வியர்த்து, படபடப்பு வந்தால் எல்லோரும் ஒரு வாய் சீனியோ வெல்லமோ போடுவார்கள். உங்களுக்கு அது உடனே வேலை செய்யாது. சீனியை உடைக்கும் என்சைமையும் அகார்போஸ் தடுத்து வைத்திருக்கிறது. உங்களுக்குத் தேவை குளுக்கோஸ் பவுடர். மூன்று டீஸ்பூனைத் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள், 15 நிமிடம் கழித்து சர்க்கரையைச் சோதியுங்கள். சட்டைப்பையிலும் வீட்டிலும் ஒரு பாக்கெட் இருக்கட்டும். சீனி உதவாது என்பதை வீட்டில் உள்ளவர்களுக்கும் சொல்லி வையுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும்.

வாயுவுக்கு: கடலையை இரவு முழுக்க ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு வேறு தண்ணீரில் குழைய வேக வையுங்கள். முதலில் ஒரு கைப்பிடி போதும், வாராவாரம் கூட்டலாம். எடை குறைந்து, மலம் எண்ணெய்ப் பிசுக்காகப் போனால் கணையத்தைப் பரிசோதிக்க வேண்டும். அதற்கான என்சைம் மாத்திரை வேறு, மருத்துவர் எழுதித் தருவது.

அகார்போஸை நீங்களாக நிறுத்தாதீர்கள். 50 மி.கி.யில் தொடங்கியிருந்தால், 25-ஆகக் குறைத்து மெல்லக் கூட்டலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். போகும்போது அந்த சிரப் பாட்டிலையும் எடுத்துப் போய்க் காட்டுங்கள்.