அப்பா தினமும் குடிக்கும் நிலவேம்பு

கேள்வி: என் அப்பாவுக்கு வயது 63. பத்து வருடமாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறார். தெருவுக்கு வரும் மூலிகைக்காரர் ஒருவர், "தினமும் நிலவேம்பு குடித்தால் எந்தக் காய்ச்சலும் அண்டாது, போகப்போக மாத்திரையே வேண்டியிருக்காது" என்று சொல்லி, நான்கு மாதமாகப் பாட்டிலில் கொண்டுவந்து தருகிறார். காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர் குடித்து, மாத்திரையும் போட்டுக்கொண்டு நடக்கப் போகிறார். கொஞ்ச நாளாக நடக்கும்போது தலை சுற்றுகிறது, வியர்க்கிறது, கை நடுங்குகிறது. "மருந்து வேலை செய்கிறது, அப்படித்தான் இருக்கும்" என்கிறார் மூலிகைக்காரர். தொடரலாமா?

- வாசகி, தென்காசி

பதில்: நாளைக் காலையிலிருந்து அந்த நிலவேம்புக் குடிநீரை, அதாவது கஷாயத்தை, நிறுத்திவிடுங்கள் அம்மா. குடிநீரை மட்டும்தான். சர்க்கரை மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ குறைக்கவோ வேண்டாம்.

நீங்கள் எழுதியிருக்கும் மூன்றும், அதாவது தலைச்சுற்றல், வியர்வை, கைநடுக்கம், சர்க்கரை தாழ்ந்துபோவதன் அடையாளங்கள். இப்போதைக்கு இது என் சந்தேகம்தான். வீட்டில் குளுக்கோமீட்டர் இருந்தால், அப்படி வரும் அந்த நேரத்திலேயே குத்திப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் சந்தேகம் உறுதி. மீட்டர் இல்லையென்றால் சோதனைக்கு ஓடிக்கொண்டிருக்க வேண்டாம். மூன்று நான்கு டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்கக் கொடுங்கள். கால்மணி நேரத்தில் தெளியவில்லையென்றால் இன்னொரு முறை கொடுத்துவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

கிளிமிபிரைடு போன்ற சர்க்கரை மாத்திரைகள் கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைப்பவை. அதைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டாலே சர்க்கரை இறங்கும். நிலவேம்புக்கும் சர்க்கரையை இறக்கும் குணம் உண்டு என்று விலங்குகளில் நடந்த ஆய்வுகள் காட்டுகின்றன. வெறும் வயிறு, மாத்திரை, குடிநீர், அதன்மேல் நடை என்று நாலும் ஒரே காலைப்பொழுதில் சேர்கிறது. மருந்து வேலை செய்கிறது என்று அவர் சொன்னது இந்த வேலையைத்தான் என்றால், அது நமக்கு வேண்டாத வேலை.

நான் சித்த மருத்துவன். நிலவேம்புக் குடிநீரை ஆயிரக்கணக்கானோருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன். அது நல்ல சுர மருந்து. ஆனால் சுர மருந்து. நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, பற்படாகம், சுக்கு, மிளகு என்று ஒன்பது சரக்கு சம அளவில் சேர்ந்தது. ஐந்து கிராம் சூரணத்தை 200 மில்லி தண்ணீரில் போட்டு, 50 மில்லியாக வற்றவிட்டு, வடிகட்டி, சூடு ஆறுமுன் குடிக்க வேண்டும். பெரியவர்களுக்குக் காய்ச்சல் நாட்களில் இருவேளை, மிஞ்சினால் ஐந்து நாள். நான் கொடுப்பது இவ்வளவுதான். உங்கள் அப்பா நான்கு மாதமாக ஒரு டம்ளர் குடித்திருக்கிறார். கைப்புச் சுவை காற்றும் விண்ணும் சேர்ந்தது, மிஞ்சினால் வளியை, அதாவது வாதத்தை, ஏற்றும் என்று நம் மருத்துவமே சொல்கிறது. நோய் இல்லாத உடம்பில் மாதக்கணக்கில் கசப்பை ஊற்றச் சொல்லி எந்த ஆசான் எனக்குக் கற்றுத்தந்தார் என்று யோசித்துப் பார்க்கிறேன். ஒருவரும் இல்லை.

இனி அந்தப் பாட்டில். காய்ச்சிய குடிநீர் ஒரு நாள் தாண்டினால் புளிக்கும், நாறும். வாரக்கணக்கில் கெடாமல் இருக்கிறதென்றால் அதில் ஏதோ சேர்ந்திருக்கிறது. என்ன சேர்ந்திருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. சர்க்கரைக்கு மூலிகை மருந்து என்று விற்றதில் கிளிபென்கிளமைடு என்ற ஆங்கில மாத்திரையையே பொடித்துக் கலந்திருந்தது பல நாடுகளில் சோதனையில் பிடிபட்டிருக்கிறது. குடித்ததும் சர்க்கரை சட்டென்று குறைந்தால் மூலிகையின் மகிமை என்று ஊரெல்லாம் பேசுவார்கள் அல்லவா, அதற்காகத்தான் கலக்கிறார்கள். உங்கள் பாட்டிலில் அது இருக்கிறது என்று நான் சொல்லவில்லை. இல்லை என்று சொல்ல அவரிடம் ஒரு சீட்டாவது இருக்கிறதா என்று கேளுங்கள்.

சித்த மருந்தைத் தயாரித்து விற்க 1940-ஆம் ஆண்டின் மருந்து, அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி தயாரிப்பு உரிமம் வேண்டும். பொட்டலத்தின்மேல் உரிம எண், தொகுதி எண், சேர்ந்த சரக்குகள், தயாரித்த இடம், தேதி எல்லாம் இருக்க வேண்டும். நீரிழிவைத் தீர்ப்பதாக விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டமே தடுக்கிறது. சட்டம் எழுபது வருடமாக இருக்கிறது, மூலிகைக்காரரும் தெருவில்தான் இருக்கிறார். யார் போய்ப் பிடிப்பது? பொடியாக வாங்குகிறவர்களுக்கும் சொல்கிறேன்: வேப்பிலைப் பொடியை நிலவேம்பு என்று நம்பி வாங்கிவந்தவர்களை என் அறையிலேயே பார்த்திருக்கிறேன். வேப்பமரத்துக்கும் நிலவேம்புக்கும் பெயரில்தான் உறவு. இது ஆடாதோடைக் குடும்பத்துச் சிறுசெடி. வேண்டுமென்றால் அரசின் மூலிகை மருந்து நிறுவனமான டாம்ப்காலின் சூரணத்தை வாங்குங்கள், அல்லது அரசு சித்த மருத்துவப் பிரிவில் கேளுங்கள்.

அங்கே போனாலும் எல்லாம் சரியாக நடக்கும் என்று என்னால் சொல்ல முடியவில்லையே என்பதுதான் என் வருத்தம். ஒரே வளாகத்தில் சித்தப் பிரிவு, நாலடி தள்ளிச் சர்க்கரைப் பிரிவு. இங்கே ஒரு சீட்டு, அங்கே ஒரு சீட்டு. ஒருவர் எழுதியதை மற்றவர் பார்ப்பதில்லை. 2012-ல் டெங்கு பரவியபோது அரசு ஊரெங்கும் நிலவேம்பு கொடுத்தது. கொடுத்ததில் தவறில்லை. ஆனால் நான் நின்றிருந்த முகாம்களில், அண்டாவிலிருந்து ஊற்றிக் கொடுத்தவர்கள் "சர்க்கரை மாத்திரை சாப்பிடுகிறீர்களா?" என்று ஒருவரைக்கூடக் கேட்கவில்லை. அந்தக் கேள்விக்கு ஒரு நிமிடம் ஆகுமா? அப்போது வந்த பழக்கம்தான், காய்ச்சல் போன பின்னும் வீடுகளில் ஒட்டிக்கொண்டது.

அப்படியானால் சர்க்கரைக்காரர் காய்ச்சல் வந்தாலும் இதைத் தொடக் கூடாதா என்று கேட்பீர்கள். தொடலாம். ஆனால் காய்ச்சலில் வாய் கசந்து, மனிதர் பாதி இட்லியோடு எழுந்துவிடுவார். மாத்திரை மட்டும் வழக்கம்போல முழு அளவில் உள்ளே போகும். அதன்மேல் குடிநீரும் போனால் இறக்கம் இரட்டிப்பு. ஆகவே அந்த நாட்களில் முதலில் கஞ்சியாவது உள்ளே போக வேண்டும், அதற்குப் பிறகுதான் குடிநீர், அதுவும் 30 மில்லி. காலையும் மாலையும் சர்க்கரையைப் பாருங்கள். மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டுமா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடமே கேளுங்கள், என்னிடம் அல்ல. இன்சுலின் போடுகிறவர் என்றால் அந்த மருத்துவரைக் கேட்காமல் ஒரு மிடறுகூட வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்களும், கருவுற்றவர்களும் இதைக் குடிக்க வேண்டாம்.

டெங்கு என்று சந்தேகம் வந்தால் இன்னொன்று. காய்ச்சல் விட்டதும் குடிநீர் குணப்படுத்திவிட்டது என்று படுத்துவிடாதீர்கள். டெங்குவில் ஆபத்தான நேரமே காய்ச்சல் இறங்கும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரைதான். தீராத வயிற்றுவலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், அசதி இதில் எது தெரிந்தாலும் சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், நேராக அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

இந்த வாரமே அப்பாவின் மாத்திரை அட்டையையும் அந்தப் பாட்டிலையும் கையில் எடுத்துக்கொண்டு சர்க்கரை மருத்துவரிடம் போய்வாருங்கள். நான்கு மாதமாக இதைக் குடித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். இதுவரை அவர் எழுதிய மாத்திரை அளவு, குடிநீரும் சேர்ந்து காட்டிய சர்க்கரையைப் பார்த்து எழுதியதாக இருக்கலாம். குடிநீர் நின்ற பிறகு சர்க்கரை கொஞ்சம் ஏறும். அதைப் பார்த்து உங்கள் அப்பா பயந்துபோய் மறுபடி மூலிகைக்காரரைக் கூப்பிடாமல், பக்கத்தில் இருந்து பார்த்துக்கொள்ளுங்கள்.