பவளமல்லிக் காம்பும் மூன்றாவது நீட் தேர்வும்

அம்மா, உங்கள் மகள் இரண்டு முறை நீட் எழுதிவிட்டாள். இன்னொரு முறை எழுதட்டும், முடியாவிட்டால் வீட்டை அடமானம் வைத்து நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்த்துவிடலாம் என்கிறார் உங்கள் அண்ணன். உங்கள் தவிப்பு புரிகிறது. ஆனாலும் வீட்டுப் பத்திரத்தைத் தொடாதீர்கள். தவணை கட்டப்போவது அவர் இல்லை.

நீங்கள் பேசிய நேரமெல்லாம் அவள் தலை குனிந்தே இருந்தாள். பவளமல்லிக் காம்பில் துணிக்குச் சாயம் ஏற்றியதைச் சொல்லும்போதுதான் நிமிர்ந்தாள். வெந்நீரில் இறங்கும் நிறம் எண்ணெயில் ஏன் இறங்கவில்லை என்று கேட்டாள். குங்குமப்பூவுக்கு நிறம் தரும் குரோசின் வகைச் சேர்மங்கள்தாம் அந்தக் காம்பிலும் இருக்கின்றன. அவற்றில் சர்க்கரை ஒட்டியிருப்பதால் நீரில் கரைகின்றன. இதைக் கண்டுபிடிக்கும் துறைக்கு இயற்கைப் பொருள் வேதியியல் என்று பெயர்.

பூவை நிழலில் உலர்த்தி, ஹெக்சேன், எத்தில் அசிடேட், மெத்தனால் என்று ஒவ்வொரு கரைப்பானிலும் ஊறவைப்பார்கள். சாற்றை வற்றவைத்து, சிலிக்கா தூள் நிரப்பிய கண்ணாடிக் குழாயில் மேலிருந்து இறக்குவார்கள். சேர்மங்கள் வெவ்வேறு வேகத்தில் இறங்கி, தனித்தனிச் சோதனைக் குழாய்களில் சேரும். கிலோ கணக்கில் பூ போட்டாலும் கையில் மிஞ்சுவது சில மில்லிகிராம்தான். அதன் மூலக்கூறு எடையை நிறை நிறமாலைமானி என்ற கருவி சொல்லும். எந்த அணுவுக்குப் பக்கத்தில் எந்த அணு என்பதை என்.எம்.ஆர். என்ற அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவி காட்டும். பொறுமை இல்லாதவர்களுக்கு இது சிறை. உங்கள் மகள் மூன்று நாள் சாயத்துக்குக் காத்திருந்தவள்.

குளித்தலையில் பிறந்த வேதியியலாளர் டி.ஆர். சேஷாத்ரி பருத்திப் பூவின் மஞ்சள் நிறமிகளை ஆராய்ந்தவர். 1960இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் உறுப்பினரானார். நம் பிள்ளைகள் நடக்காத பாதை இல்லை இது.

கசப்பானதையும் சொல்லிவிடுகிறேன். வேதியியலில் இளநிலைப் பட்டத்தோடு நின்றால் சம்பளம் குறைவு. முதுநிலை வரை போகத்தான் வேண்டும். ஜாம் என்ற நுழைவுத் தேர்வில் நல்ல இடம் பெற்றால் முதுநிலைக்கு ஐ.ஐ.டி.யில் சேரலாம். பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். எனும் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால், முனைவர் பட்ட ஆய்வின் முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகை உண்டு. மூலிகை மருந்து நிறுவனங்களின் தரக்கட்டுப்பாட்டு ஆய்வகங்களிலும் வேலை உண்டு.

அரசுக் கல்லூரியில் பி.எஸ்சி. வேதியியலுக்கு இந்த வாரமே விண்ணப்பியுங்கள். ஆய்வகத்தை நேரில் பார்த்துவிட்டுச் சேருங்கள். பூட்டிக் கிடந்தால் வேறு கல்லூரி பாருங்கள். அடுத்த முறை வரும்போது அண்ணனை அழைத்து வர வேண்டாம். அவளை மட்டும் என்னிடம் அரை மணி நேரம் பேச விடுங்கள்.