டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதிக் கடையில் விற்கும் லெப்டின் மாத்திரை சர்க்கரைக்கு உதவுமா?

உதவாது, வாங்காதீர்கள். லெப்டின் என்பது உடல் கொழுப்பே சுரக்கிற, "போதும், சாப்பிட்டது" என்று மூளைக்குச் சொல்கிற ஹார்மோன். அது ஒரு புரதம். விழுங்கினால் வயிற்றிலேயே செரித்துப்போகும். அதைவிட முக்கியம், உடலில் கொழுப்பு கூடியவர்களின் ரத்தத்தில் லெப்டின் ஏற்கெனவே அதிகமாகத்தான் இருக்கும். "போதும்" என்று அது சொல்வதை மூளைதான் சரியாகக் கேட்பதில்லை. 1994-இல் லெப்டினைக் கண்டுபிடித்தபோது பருமனுக்கே மருந்து கிடைத்துவிட்டது என்று நம்பினார்கள். ஊசியாகப் போட்டும் பெரும்பாலோருக்குப் பலனில்லை.

"68 கிலோதான், அப்புறம் ஏன் இன்சுலின் வேலை செய்யவில்லை?" என்று கேட்டிருக்கிறீர்கள். குடலையும் ஈரலையும் சுற்றிய உள்கொழுப்பு காரணமாக இருக்கலாம். அது பெருகும்போது அடிபோனெக்டின் குறையும். ஈரலும் தசையும் இன்சுலினுக்கு இணங்க உதவுகிற ஹார்மோன் அது. நம் இந்திய வம்சாவளியில் எடை அதிகம் ஏறாமலேயே இது நடக்கிறது.

இன்றே தையல் நாடாவை எடுங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின் அளந்து பாருங்கள். ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. வந்தாலே கவனம் வேண்டும். கால்சட்டை அளவை நம்பாதீர்கள். நான் தொப்பைக்குக் கீழே போடுவது 34 அங்குலம், அதாவது சுமார் 86 செ.மீ. நாடா 97 செ.மீ. காட்டியது. அன்றிலிருந்து அரை ரொட்டி பன்னி சௌ (ரொட்டியைக் குடைந்து கறி நிரப்பியது) கால் ரொட்டி ஆனது, இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடையும் சேர்ந்தது.

ஆனால் நாடா சர்க்கரை நோயைச் சொல்லாது. கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை அவசியம். சர்க்கரை மாத்திரையான மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். எடை திடீரென இறங்கி, தாகமும் கூடினால், சர்க்கரைக்குக் காரணம் வேறாக இருக்கலாம். உடனே டாக்டரைப் பாருங்கள்.