யார் எதைப் படிப்பது?

அன்புள்ள சார்,

மதுரைப் பக்கத்துக் கண்மாய்ப் பாசன வரலாற்றில் முழுநேர முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது மூன்றாம் ஆண்டு. நெறியாளர் ஊர் ஊராகப் போய் ஆட்களிடம் பேசு என்கிறார். இணை நெறியாளர் ஆவணக் காப்பகத்தில் உட்கார் என்கிறார். 120 பக்க அத்தியாயம் நான்கு மாதமாக நெறியாளர் மேஜையில் கிடக்கிறது. ஆசிரியராகத் தகாதவருக்கு நன்னூல் உவமை சொல்லும் பருத்திக் குண்டிகைதான், பஞ்சடைத்த குடுக்கைதான், என் கைடு. பஞ்சு மாதிரி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எதுவும் வெளியே வரும். இதில் அவருடைய பிபிடி (பவர்பாயிண்ட்) வேலையும் என் தலையில். கைடை மாற்றிவிடலாமா? அத்தியாயத்தை உங்களுக்கு அனுப்பட்டுமா?

ம.

அன்புள்ள ம.,

கைடை மாற்ற விதியில் வழி உண்டு. பல்கலைக்கழக ஆய்வுப் பிரிவில் கேட்டால் சொல்வார்கள். பிபிடி வேலையை ஒருமுறை முடியாது என்று சொல்லிப் பாருங்கள், ஒன்றும் ஆகாது.

நன்னூலை எடுத்தீர்களே, நாலு பக்கம் தள்ளியும் படித்திருக்கலாம். யாருக்குப் பாடம் சொல்லக்கூடாது என்றும் பவணந்தியார் ஒரு பட்டியல் போட்டிருக்கிறார். சோம்பேறி, அகங்காரி, தூங்குமூஞ்சி என்று நீள்கிறது அது. ஆய்வு மாணவர்கள் ஆசிரியர் பட்டியலை மட்டும் மனப்பாடம் செய்து வைத்திருக்கிறார்கள்.

120 பக்கத்தைக் கொடுத்தபோது என்ன சொல்லிக் கொடுத்தீர்கள்? ‘ஐயா, பாருங்கள்’ என்றுதானே? எதைப் பார்க்க வேண்டும்? வாதம் நிற்கிறதா என்றா, சான்று போதுமா என்றா, சந்திப் பிழையா? எப்போதைக்குள்? அவர் பேராசிரியர் என்றால் பல்கலைக்கழக மானியக் குழுவின் (யுஜிசி) 2022 விதிப்படி ஒரே சமயத்தில் 8 பேர் வரை அவரிடம் பதிவு செய்திருக்கலாம். எட்டுப் பேரும் ஆளுக்கு 120 பக்கத்தை வைத்துவிட்டு வாசலில் நின்றால் மனிதர் என்ன செய்வார்?

இதெல்லாம் கூடச் சின்ன விஷயம். நான் கொஞ்ச நாளாக யோசித்துக்கொண்டிருப்பது வேறு. நான் ஆய்வு மாணவனாக இருந்த காலத்தில் என் கைடு வீட்டுத் திண்ணையில் காத்துக் கிடந்திருக்கிறேன். சார் வீட்டு அம்மா காபி கொடுப்பார்கள், சார் கிரிக்கெட் பேசுவார், அத்தியாயத்தைப் பற்றி மட்டும் பேச்சு வராது. திமிர் என்றுதான் நினைத்தேன். ஒருநாள் பஸ் ஸ்டாப் வரை கூடவே நடந்து வந்தார். “தம்பி, நீ எழுதுற கல்வெட்டு விஷயம் எனக்குத் தெரியாதுப்பா. என்னத்தைத் திருத்த?” என்றார். அதைச் சொல்ல அவருக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. அப்புறம் அவரே தனக்குத் தெரிந்த ஒரு கல்வெட்டு அறிஞருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தார். மொழிநடையை மட்டும் தான் பார்ப்பதாகச் சொன்னார், வரி விடாமல் பார்த்தார். அவர் இப்போது இல்லை.

கைடு என்றால் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும் என்று நாம் எதிர்பார்க்கிறோம். தெரியாது என்று சொன்னால் மதிப்புப் போய்விடும் என்று அவர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் அத்தியாயம் மேஜையிலேயே கிடக்கிறது. அதற்காகத்தானே இரண்டு பேரை வைத்திருக்கிறார்கள்? களப்பணி இவர், ஆவணம் அவர் என்று முதல் மாதமே பிரித்துக் கேட்டிருந்தால் இருவரும் உங்களை ஆளுக்கொரு பக்கம் இழுத்திருக்க மாட்டார்கள். நீங்களோ இவரிடம் அவர் சொன்னதை மறைத்து, அவரிடம் இவர் சொன்னதை மறைத்து மூன்று வருடம் ஓட்டியிருக்கிறீர்கள். மரியாதை என்று நினைத்துக்கொண்டு செய்திருப்பீர்கள். கோழைத்தனம் அம்மா இது.

ஒவ்வொரு செமஸ்டரும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன்னால் நீங்கள் முன்னேற்றத்தைச் சொல்லியாக வேண்டும் என்று அதே யுஜிசி விதி சொல்கிறது. நீங்களெல்லாம் அந்தக் குழுக் கூட்டம், அதாவது டி.சி. (டாக்டரல் கமிட்டி) மீட்டிங் என்றால் சமோசா வாங்கி வைத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு ஓடிவருகிறீர்கள். அடுத்த கூட்டத்துக்கு இருவரையும் வரச் சொல்லுங்கள். களமா காப்பகமா என்று அங்கே எல்லார் முன்னாலும் கேளுங்கள். யார் எந்த அத்தியாயத்தை எத்தனை வாரத்தில் படிப்பார் என்பதைக் கூட்டக் குறிப்பில் ஏற்றச் சொல்லுங்கள். சாயங்காலமே அதை இருவருக்கும் ஒரே மெயிலில் அனுப்பிவிடுங்கள். அடுத்த முறை 120 பக்கம் சேரும்வரை காத்திருக்காமல், 20 பக்கம் ஆனதும் அரைகுறையாகவே கொடுங்கள்.

எனக்கு அத்தியாயத்தை அனுப்ப வேண்டாம். கண்மாயின் மடை, உபரிநீர் போகும் கலுங்கு விவகாரமெல்லாம் எனக்குத் தெரியாது. கண்மாய்க்கரைப் பெரியவர்களிடம் பேசி எழுதிய பகுதி இருந்தால் அதை மட்டும் அனுப்புங்கள். நடையை மட்டும் பார்க்கிறேன், இந்த மாதக் கடைசிக்குள்.