போனில் பேசும்போது கை எதற்கு ஆடுகிறது? (கடிதம்)

அன்புள்ள ஐயா,

நான் போனில் பேசும்போதுகூடக் கையை ஆட்டி ஆட்டித்தான் பேசுகிறேன். வீட்டில் எல்லோருக்கும் சிரிப்பு. போன மாதம் அலுவலகத்தில் ஒரு பேச்சுப் பயிற்சி வைத்தார்கள். 'கையைச் சும்மா வையுங்கள்' என்றார் பயிற்சியாளர். அவரே கொஞ்ச நேரம் கழித்து, 'நாம் சொல்வதில் 93 சதவீதம் உடல்மொழி, வார்த்தை வெறும் 7' என்றார். எனக்குக் குழப்பமாகிவிட்டது. கை நிஜமாகவே பேசுகிறதா, இல்லை இது வெறும் கெட்ட பழக்கமா?

ம.

அன்புள்ள ம.,

அந்த 93-ஐ முதலில் முடித்துவிடுவோம். அது உண்மையானால், தெரியாத மொழியில் ஒருவர் ஒரு மணி நேரம் பேசினாலும் நமக்கு ஏறக்குறைய எல்லாம் புரிந்துவிட வேண்டும். புரிகிறதா? ஆல்பர்ட் மெஹ்ராபியன் என்ற உளவியலாளர் 1967-ல் வெளியிட்ட இரண்டு ஆய்வுகளிலிருந்து பிறந்த எண் அது. ஒற்றைச் சொற்களைப் பல தொனிகளில் ஒலிக்கவிட்டு, முகப் படங்களையும் காட்டி, பேசுபவருக்கு எதிராளிமேல் விருப்பமா வெறுப்பா என்று ஊகிக்கச் சொன்னார்கள். முகம் 55, குரல் 38, சொல் 7 என்று கணக்கு வந்தது. கை அதில் இல்லவே இல்லை! உணர்ச்சியைப் பற்றிப் பேசும்போது மட்டுமே இது பொருந்தும் என்று மெஹ்ராபியனே சொல்லிவிட்டார். பயிற்சி வகுப்புகள்தான் விடுவதாக இல்லை.

சரி, உங்கள் கைக்கு வருவோம். பிறவியிலேயே பார்வை இல்லாத பிள்ளைகளும் பேசும்போது கையசைக்கிறார்கள். கேட்பவருக்கும் பார்வையில்லை என்று தெரிந்த பிறகும் அசைக்கிறார்கள். உளவியலாளர்கள் ஜானா ஐவர்சனும் சூசன் கோல்டின்-மெடோவும் 1998-ல் எழுதியது இது. அந்தப் பிள்ளைகள் யாரையும் பார்த்துக் கற்றதில்லை, அவர்களை யாரும் பார்க்கப்போவதும் இல்லை. அப்படியானால் கை கேட்பவருக்காக மட்டும் அசையவில்லை. பேசுபவருக்கும் அதில் ஏதோ வேலை நடக்கிறது.

என்ன வேலை? ஒரே அளவான இரண்டு தம்ளர்களில் ஒரே அளவு தண்ணீர். ஒன்றை மட்டும் எடுத்து அகலமான தட்டில் ஊற்றி, எதில் அதிகம் என்று ஒரு சிறு பிள்ளையிடம் கேட்டால், 'தம்ளரில்தான், அதுதான் உயரம்' என்கிறது. அதைச் சொல்லும்போதே சில பிள்ளைகளின் கை, தட்டின் அகலத்தை வளைத்துக் காட்டுகிறது. வாய் உயரத்தைச் சொல்ல, கை அகலத்தைச் சொல்கிறது. விஷயம் பாதி பிடிபட்டுவிட்டது, வாய்க்குத்தான் இன்னும் சேதி போகவில்லை. இப்படி வாயும் கையும் முரண்படும் பிள்ளைகள், சொல்லிக்கொடுத்தால் மற்றவர்களைவிடச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள் என்று கோல்டின்-மெடோவும் பிரெக்கின்ரிட்ஜ் சர்ச் என்ற ஆய்வாளரும் 1986-லேயே காட்டிவிட்டார்கள். நல்ல ஆசிரியர் பிள்ளையின் கையையும் பார்ப்பார் என்றே நினைக்கிறேன்.

கட்டைவிரல் உயர்த்துவது, தலையாட்டுவது இதெல்லாம் வேறு கணக்கு. அவை சொற்களைப் போல, ஊருக்கு ஊர் மாறும். பல்கேரியாவில் தலையை மேலும் கீழும் அசைத்தால் 'இல்லை' என்று அர்த்தம். அவற்றைக் கற்றுத்தான் ஆக வேண்டும். போனில் ஆடும் கையை யாரும் உங்களுக்குக் கற்றுத்தரவில்லை.

நம்பிக்கை வரவில்லையென்றால், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டு, சுழல் படிக்கட்டு எப்படி இருக்கும் என்று யாருக்காவது விளக்கிப் பாருங்கள். அப்புறம், உங்களைக் கேலி செய்யும்போது வீட்டார் கைகள் சும்மா இருக்கின்றனவா என்றும் ஒரு கண் வையுங்கள்.